பனிக்காலத்தில் பாஸ்ஜூ வாழை: தண்டைப் போர்த்துவதா, தரையோடு வெட்டுவதா?

இளங்குருத்து எழுதியது:

வணக்கம். இரண்டு கோடைகளுக்கு முன், குளிர் தாங்கும் வகையான மூசா பாஸ்ஜூ வாழைக் கன்று ஒன்றை, வெயில் நன்றாகப் படும் ஒரு சுவரோரம் நட்டேன். பழத்துக்காக அன்று, இலையின் அழகுக்காகவே நட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகையின் காய்கள் விரல் நீளத்துக்கு மேல் தேறாதவை என்பதும், உள்ளே கரிய விதைகளே நிறைந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் பனிக்காலத்தில் தண்டைப் பிளாஸ்டிக் தாளால் அடி முதல் நுனி வரை இறுகச் சுற்றிக் கயிறு கட்டி வைத்தேன். வசந்தத்தில் பிரித்தபோது தாளின் உட்புறம் முழுவதும் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. தண்டில் கை வைத்ததும் விரல் உள்ளே போயிற்று. அழுகிய முட்டைக்கோஸின் நாற்றம் அடித்தது. செத்துவிட்டது என்று முடிவு கட்டி, கிழங்கைத் தோண்டி எறிய மண்வெட்டியையும் எடுத்துவிட்டேன். நல்ல வேளையாக வேறு வேலை குறுக்கிட்டது. கோடை தொடங்கிச் சில வாரங்களில் அதே இடத்தில், சுருட்டிய காகிதத்தைப் போல ஒரு குருத்து மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்தது.

இப்போது அது ஒன்றரை மீட்டர் தண்டும் எட்டு இலைகளும் அடியில் இரண்டு பக்கக்கன்றுகளுமாக நிற்கிறது. நேற்றிரவு இந்தப் பருவத்தின் முதல் உறைபனி. காலையில் இலைகள் வெந்நீரில் முக்கி எடுத்தவைபோலத் துவண்டு கிடந்தன, நண்பகலுக்குள் கறுத்தும்விட்டன. தண்டு மட்டும் இன்னும் பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கிறது. இதைப் போர்த்திக் காப்பாற்றுவதா, அல்லது தரையோடு வெட்டிவிட்டுக் கிழங்கை மட்டும் மூடுவதா? இரண்டு வழிகளையும் உறுதியாகப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். எவர் சொல்வதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வேலிப்பருத்தி எழுதியது:

வெட்டிவிடுங்கள். நான் எட்டுப் பனிக்காலமாக அப்படித்தான் செய்கிறேன். இலைகள் கறுத்த மறுநாளே, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டுத் தண்டை அறுத்து எடுத்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு உலர்ந்த சருகைக் குவித்து, மேலே ஒரு பழைய பலகையைச் சாய்த்து வைக்கிறேன். அரை மணி நேர வேலை. கோடையின் நடுப்பகுதிக்குள் செடி என் உயரத்தைத் தாண்டிவிடுகிறது. அழுகப்போகும் ஒரு தண்டுக்குக் குழந்தையைப் போலப் போர்வை சுற்றி ஐந்து மாதம் கவலைப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மண்கட்டி எழுதியது:

வேலிப்பருத்தி சொல்லும் முறையில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதைப் பின்பற்றினால் எதை இழக்கிறோம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. அதற்கு, வாழைத் தண்டு என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியே தெரிவது தண்டே அன்று. ஒன்றையொன்று இறுகச் சுற்றிய இலைப் பட்டைகளின் அடுக்குதான் அப்படித் தோற்றமளிக்கிறது. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. வளரும் முனையும் பூக்கும் பருவம் வரும் வரை அந்தக் கிழங்கின் உச்சியில், ஏறத்தாழத் தரை மட்டத்திலேயே தங்கியிருக்கிறது. புதிய இலை ஒவ்வொன்றும் அங்கிருந்து புறப்பட்டுப் பழைய பட்டைகளின் நடுக்குழல் வழியாகத்தான் மேலே ஏறி விரிகிறது. உங்கள் செடி முதல் பனிக்காலத்தில் தலையை முழுவதும் இழந்தும் பிழைத்தது இதனால்தான். கிழங்கின் முனை உயிரோடு இருக்கும் வரை செடி சாகவில்லை.

பட்டைகளுக்குள் நீண்ட காற்றறைகளும் ஏராளமான நீரும் இருக்கின்றன. உறைநிலைக்குச் சற்றுக் கீழே இறங்கியதுமே இலை கருகிவிடுகிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 3 முதல் 5 டிகிரி வரை போய், அந்தக் குளிர் சில மணி நேரம் நீடித்தால், பட்டைகளும் உறைந்து அவற்றின் செல்கள் சிதைகின்றன. கிழங்கோ மண்ணின் கதகதப்பில் இருப்பதால், நல்ல மூடாக்கு இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரையும் தாங்குகிறது. மூடாக்கு தடித்து உலர்ந்திருந்தால் அதற்கும் கீழே தாங்குகிறது. தென் சீன மலைப்பகுதிகளுக்கு உரியதும் ஜப்பானில் நெடுங்காலமாக வளர்க்கப்படுவதுமான இந்த வகையின் தனிச்சிறப்பே கிழங்கின் இந்தத் தாங்குதிறன்தான். ஜப்பானிய வாழை என்று பெயர் பெற்றிருந்தாலும் பிறந்த மண் அது அன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்டைக் காப்பாற்றினால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது உயரம். வெட்டிய செடி ஒவ்வோர் ஆண்டும் தரையிலிருந்து தொடங்கி இரண்டு, இரண்டரை மீட்டரோடு நின்றுவிடும். ஒன்றரை மீட்டர் தண்டைத் தப்பவைத்தால் அடுத்த இலை அந்த உயரத்தில் விரியும், மூன்றாம் ஆண்டில் நான்கு மீட்டரைத் தொடுவது அரிதன்று. இரண்டாவது பூ. ஒரே முனை பல இலைகளை ஈன்று முதிர்ந்த பிறகுதான் குலை தள்ளும் நிலைக்கு வருகிறது. குளிர்ந்த நிலத்தில் ஒரு கோடைக்குள் அது நிறைவேறுவதில்லை. பூவில் உங்களுக்கு ஆசை இல்லையென்றால் வெட்டுவதே எளிது.

நான் போர்த்தும் முறை இது. கருகிய இலைகளைக் காம்போடு வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் நிறுத்துகிறேன். அதைச் சுற்றி, எல்லாப் பக்கமும் ஒரு முழ இடைவெளி விட்டுக் கம்பி வலையால் ஒரு கூண்டு அமைத்து, இடைவெளி முழுவதும் உலர்ந்த வைக்கோலைத் தளர்வாக நிரப்புகிறேன். அழுத்தி அடைத்தால் காற்று வெளியேறிவிடும்; குளிரைத் தடுப்பது வைக்கோல் அன்று, அதனுள் அசையாமல் நிற்கும் காற்றுதான். மழை இறங்காதபடி உச்சியில் மட்டும் ஒரு தகட்டையோ தடித்த தாளையோ கூரையாகச் சாய்க்கிறேன். பக்கங்களில் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். உங்கள் தண்டு குளிரால் மட்டும் அழுகவில்லை. தாளுக்குள் சிக்கிய அதன் சொந்த ஈரமே பாதி வேலையைச் செய்திருக்கும்.

வேலிப்பருத்தி எழுதியது:

மண்கட்டியின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் வைக்கோல் கூண்டைப் பற்றி எழுதுபவர்கள் எலிகளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நானும் ஓர் ஆண்டு அப்படிக் கட்டினேன். வசந்தத்தில் பிரித்தால், நடுவில் தேங்காய் அளவில் பஞ்சு போன்ற ஒரு கூடு. அதை ஒட்டித் தண்டில் கைமுட்டி நுழையும் அளவுக்குக் குடைந்த பள்ளம். பனிக்காலம் முழுவதும் கதகதப்பான வீட்டையும் தின்பதற்குத் தீனியையும் ஒரே இடத்தில் அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நின்ற தண்டு உச்சியிலிருந்து அழுகத் தொடங்கினால், அழுகல் நீர் நடுக்குழல் வழியே நேராகக் கிழங்கின் முனைக்கே இறங்குகிறது. வெட்டிய தண்டில் அந்த நீளமான குழலே இல்லை.

மண்கட்டி எழுதியது:

எலி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். கூண்டின் அடிப்பகுதியில் விரல் நுழையாத நெருக்கமான வலையைச் சுற்றி, அதன் விளிம்பை ஒரு சாண் ஆழம் மண்ணில் புதைத்த பிறகு எனக்குத் தொல்லை குறைந்தது. ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அழுகல் இறங்குவதும் உண்மையே. அதனால்தான் பனிக்காலத்தின் இடையில், மழையில்லாத ஒரு பகலில் கூரையைத் தூக்கி உச்சியைத் தொட்டுப் பார்க்கிறேன். மென்மையாக இருந்தால், கூரிய கத்தியால் இரண்டு விரற்கடை அளவு வட்டம் வட்டமாகச் சீவிக்கொண்டே வந்து, வெட்டுமுகம் வெண்மையாகவும் இறுகியும் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

செவ்விலை எழுதியது:

நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் குளிர் தாங்கும் வாழை என்று சொல்லித்தான் ஒரு கன்றை விற்றார்கள். இலையின் நடுநரம்பு கருஞ்சிவப்பு, இலை முழுவதும் செம்பு பூசியதுபோல இருக்கும். தண்டின் அடி பானைபோலப் பருத்திருந்தது. சென்ற பனிக்காலத்தில், இங்கே சொன்னபடியே வெட்டிவிட்டுச் சருகால் மூடினேன். வசந்தம் போய்க் கோடை வந்து, அதுவும் போய்விட்டது. ஒரு முளைகூட வரவில்லை. நான் செய்த தவறு என்ன?

மண்கட்டி எழுதியது:

அம்மா, தவறு உங்களுடையதன்று. உங்களிடம் இருந்தது பாஸ்ஜூவே அன்று. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அனைத்தும் என்சேட் என்னும் வேறொரு பேரினத்துக்குப் பொருந்துகின்றன. செவ்விலை வகையாக விற்கப்படுவது பெரும்பாலும் என்சேட் வென்ட்ரிகோசம் இனத்தின் மௌரேலி வகை. பூர்விகம் ஆப்பிரிக்கா. அது வாழைக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும் பாஸ்ஜூவைப் போலத் தானாகப் பக்கக்கன்று விடுவதில்லை. ஒரே முனையோடு வளர்ந்து, ஒரு முறை பூத்து, மடிந்துவிடும். வெட்டி மூடினால் எழுந்து வர அதற்கு மறுகன்று ஏது?

மறுபடியும் வாங்கினால், பனி விழுவதற்கு முன்பே வேரோடு தோண்டி எடுத்து, உச்சிக் குருத்தைத் தவிர மற்ற இலைகளை அறுத்துவிட்டு, பட்டைகளுக்குள் தேங்கிய நீர் வடிய ஒரு வாரம் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். பிறகு உறையாத, ஆனால் குளிர்ந்த ஓர் அறையில் ஏறத்தாழ உலர்ந்த நிலையில் வைத்துவிட்டால் போதும். அதன் நிறத்துக்காக இந்தப் பாடு படலாம் என்பேன். பச்சைச் செடிகளுக்கு நடுவே மாலை வெயில் அந்த இலையின் பின்னாலிருந்து படும்போது பார்த்திருப்பீர்கள்.

பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல் செடியைப் பார்த்து வாங்குவது நல்லது. இளங்கன்றின் இலையில் கருஞ்சிவப்புத் திட்டுகள் சிதறிக் கிடந்தால் அது குட்டை கேவண்டிஷ் போன்ற பழ வகையாக இருக்கக்கூடும். அது வீட்டுக்குள் வளர்க்க ஏற்றதே ஒழிய வெளியே பனிக்காலம் தாங்காது. இலையின் அடிப்புறம் செந்நீலமாக ஓடினால் மூசா சிக்கிமென்சிஸ் என்னும் வாழையாக இருக்கலாம். அது ஓரளவு தாங்கும், ஆனால் பாஸ்ஜூவுக்கு நிகராகாது.

நிழல்மரம் எழுதியது:

குளிர் மண்டல எண்ணைப் பார்த்து, இந்த எண்ணுக்கு இது வளரும் என்று முடிவு செய்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் அந்த எண், ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை மட்டுமே குறிக்கிறது. 8ஆம் மண்டலம் என்றால் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 12 முதல் 7 டிகிரி வரை, அவ்வளவே. அந்தக் குளிர் ஓர் இரவு வந்து போகிறதா, மூன்று வாரம் உட்கார்ந்துவிடுகிறதா, பனிக்காலம் உலர்ந்ததா, நாள்தோறும் தூறிக்கொண்டே இருப்பதா, கோடையில் வாழை வளரும் அளவுக்கு வெயில் உண்டா என்பவற்றைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

நான் தோட்டம் மாறியவன். முன்பிருந்த இடத்தில் குளிர் கடுமை, ஆனால் நிலம் மணற்பாங்கு; கிழங்கு ஒருமுறைகூட அழுகியதில்லை. இப்போதைய இடத்தில் குளிர் பாதிதான், ஆனால் களிமண். முதல் பனிக்காலத்திலேயே இரண்டு செடிகளை இழந்தேன். தோண்டிப் பார்த்தபோது குழியில் நீர் தேங்கி நின்றது. கிழங்கு சாக்கடைச் சேறுபோலக் கையோடு வந்தது. அதன் பிறகு மண்ணை இரண்டு சாண் உயர்த்தி மேடாக்கி, சரளைக்கல்லும் மட்கிய இலையும் கலந்து, மேட்டின் மேல் நடுகிறேன். போர்த்துவதா வெட்டுவதா என்ற இந்த விவாதம் முழுவதும் வடிகால் சரியாக இருப்பவர்களுக்கு உரியது. நீர் தேங்கும் நிலத்தில் இரண்டு வழியும் ஒரே முடிவுக்குத்தான் போய்ச் சேரும்.

நடும் காலத்தையும் கவனியுங்கள். திசு வளர்ப்பில் வந்த சிறு கன்றுகளுக்குக் கிழங்கு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. அவற்றைக் கோடையின் தொடக்கத்தில் நட்டால் பனிக்காலத்துக்குள் ஓரளவு திரண்டுவிடும். இலையுதிர்காலத்தில் வாங்க நேர்ந்தால் தொட்டியிலேயே வைத்து, உறையாத இடத்தில் நீரைக் குறைத்து முதல் பனிக்காலத்தைக் கடத்துவதே நல்லது. சூடேற்றிய வறண்ட அறையில் மட்டும் வைக்காதீர்கள். இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் குடியேறிவிடும்.

இளங்குருத்து எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் நிலம் சற்றுச் சரிவானது, நீர் தேங்குவதில்லை. எனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தாய்த் தண்டை மண்கட்டி சொன்னபடி கூண்டுக்குள் நிறுத்துகிறேன். இரண்டு பக்கக்கன்றுகளையும் வேலிப்பருத்தி சொன்னபடி வெட்டிச் சருகால் மூடுகிறேன். எவருடைய சொல் பலிக்கிறது என்று என் தோட்டமே தீர்ப்புச் சொல்லட்டும்.

வேலிப்பருத்தி எழுதியது:

தீர்ப்பு எழுதப்போவது எலிதான்.

இளங்குருத்து எழுதியது (ஆறு மாதங்களுக்குப் பிறகு):

வாக்களித்தபடி முடிவைத் தெரிவிக்க வந்திருக்கிறேன். பனிக்காலத்தில் மூன்று இரவுகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே 8 டிகிரி வரை போயின. கடைசி உறைபனிக்கான ஆபத்து நீங்கியதும் கூண்டைப் பிரித்தேன். வெளிப்புற வைக்கோல் மக்கியிருந்தாலும் தண்டை ஒட்டிய பகுதி கையில் எடுத்தால் சலசலக்கும் அளவுக்கு உலர்ந்தே இருந்தது. எலிக்கூடும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல வேளையாகப் பல் பட்டது வெளிப்பட்டையில் மட்டும்.

தண்டின் உச்சியில் ஒரு சாண் அளவு பழுப்பாகிக் கொழகொழத்திருந்தது. கத்தியால் வட்டம் வட்டமாகச் சீவினேன். நான்காவது சீவலில் வெளி வளையங்கள் வெளுத்தன. ஆறாவதில் நடுப்புள்ளியும் வெண்மையாகி, வெட்டிய இடத்தில் நீர் துளிர்த்தது. பட்டைகள் வெங்காயத்தை அறுத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிந்தன. வெட்டுமுகத்தைச் சமமாக விட்டுவிட்டு உறங்கப் போனேன். மறுநாள் காலை பார்த்தால், சுற்று வளையங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவிலிருந்த பென்சில் தடிமனான சுருள் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மேலே எழுந்து நின்றது. மாலைக்குள் இன்னொரு விரற்கடை. மண்கட்டி எழுதியதை அன்று படித்தபோது புரிந்ததாகத்தான் நினைத்தேன். குழலுக்குள் இலை ஏறுவதைக் கண்ணால் பார்த்தபோதுதான் உண்மையில் புரிந்தது. அந்தச் சுருளின் தலையைத்தான் நான் வெட்டியிருக்கிறேன் என்பதால், விரிந்த முதல் இலை நுனியில்லாமல் கத்தரித்ததுபோல இருக்கிறது.

வெட்டி மூடிய கன்றுகள் இரண்டும் பிழைத்துவிட்டன. பத்து நாள் பிந்தித்தான் தலைகாட்டின.

இப்போது என் கேள்வி உணவைப் பற்றியது. எப்போது, எவ்வளவு?

நிழல்மரம் எழுதியது:

பகலிரவுச் சராசரி 10 டிகிரியைத் தாண்டும் வரை ஒன்றும் கொடுக்காதீர்கள்; அதற்குக் கீழே வேர் வேலை செய்வதில்லை, போட்ட உரம் மழையோடு போய்விடும். சூடு ஏறிய பிறகு வாழை பெருந்தீனிக்காரன். நன்கு மட்கிய தொழுவுரத்தை நான்கு விரற்கடை தடிமனுக்குப் பரப்புங்கள். கோடையின் முற்பகுதியில் தழைச்சத்து மிகுந்த உரத்தை இரு வாரத்துக்கு ஒரு முறை நீரில் கலந்து ஊற்றுங்கள். கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்தை நிறுத்திவிட்டுச் சாம்பல்சத்தை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் கொழுத்த, நீர் கோத்த பட்டைகளோடு பனியை எதிர்கொள்ள நேரும். தண்ணீரைக் கோடையில் தாராளமாகவும், இலை கறுத்த பிறகு வானம் கொடுப்பதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லாமலும் வையுங்கள்.

காற்றடிக்கும் இடமானால் இலை கிழியும். அதைப் பார்த்துப் பலர் மனம் உடைகிறார்கள். நடுநரம்பிலிருந்து பக்கநரம்புகள் இணைகோடுகளாக ஓடுவதால் இலை அவற்றுக்கு இடையே நார் நாராகப் பிரிகிறது. காற்றின் இழுப்பைக் குறைத்துத் தண்டைக் காப்பாற்றிக்கொள்ள வாழைக்குள்ள வழி அதுதான். முழு இலை வேண்டுமென்றால் சுவரோ அடர்ந்த வேலியோ மறைவாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள்; வேறு மருந்து இல்லை.

மண்கட்டி எழுதியது:

இளங்குருத்து, பக்கக்கன்றுகளைப் பற்றி ஒரு சொல். இரண்டில் எது ஈட்டி இலைக் கன்று, எது நீர்க்கன்று என்று பாருங்கள். அடி பருத்து, இலை ஈட்டிபோலக் குறுகி எழுவது தாய்க் கிழங்கோடு உறுதியாக ஒட்டி வளர்வது. இளமையிலேயே அகன்ற இலை விரித்து அடி மெலிந்து நிற்பது நீர்க்கன்று. பிரித்து வேறிடத்தில் நட விரும்பினால் ஈட்டி இலைக் கன்று முழங்கால் உயரம் வந்த பிறகு, தாய்க்கும் அதற்கும் இடையே கூரிய மண்வெட்டியை ஒரே அழுத்தில் இறக்கி, அதற்கென்று வேரும் கிழங்குத் துண்டும் வருமாறு எடுங்கள். தாய் பூத்தால் அந்தத் தண்டு மடிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, அதன் இடத்தைப் பிடிக்க ஒன்றையாவது அங்கேயே விட்டுவையுங்கள்.

இளங்குருத்து எழுதியது:

தாய் இப்போது இரண்டரை மீட்டரைத் தொட்டுவிட்டது. இன்று காலை ஏழாவது இலை விரிந்தது. நுனியில் ஒரு நீர்த்துளி தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இலையின் குறுக்கே, ஆணியால் அளந்து குத்தியதைப் போல ஐந்து துளைகள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் இருக்கின்றன. எவராலும் இவ்வளவு நேராகக் குத்த முடியாது. இது என்ன நோய்?

வேலிப்பருத்தி எழுதியது:

நோய் அன்று, ஓடில்லாத நத்தை. இலை சுருளாக இருக்கும்போது ஒரே ஒரு துளை போட்டுக்கொண்டு உள்ளே போகும். சுருள் விரிந்தால் அந்த ஒன்று ஐந்தாகத் தெரியும். இன்றிரவு விளக்கோடு போய் எட்டாவது குருத்தின் மடிப்பைப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.